பாதி விலைச் சேணம்

கரியாலூர் அருவிக்கு வரும் குழந்தைகளுக்குக் குதிரைச் சவாரி விடப்போகும் லாரன்ஸுக்கு, ஆன்லைன் ஏலத்தில் பாதி விலைக்கு ஒரு சேணம் கிடைத்தது. பணம் அனுப்பப் போனவனிடமிருந்து செல்போனைப் பிடுங்கினாள் மனைவி நான்சி.

"பொருளைப் பாக்காமலே பணமா? ஏலம் எடுக்கறது எப்படின்னு எங்கிட்ட கத்துக்கங்க!"

சேணத்தை விற்கும் ரிஷிவந்தியத்துக்காரர் அறிவுச்செல்வனை வீடியோ காலில் பிடித்தாள். சேணத்தைத் திருப்பச் சொன்னாள், வாரை இழுக்கச் சொன்னாள், பில்லைக் காட்டச் சொன்னாள். எல்லாம் சரியாகவே இருந்தது.

"போதுமா, போலீசம்மா?" என்று லாரன்ஸ் இளித்தான்.

"இருங்க. ஏங்க, புதுசா இருக்கே, இன்னாத்துக்கு விக்கிறீங்க?"

அறிவுச்செல்வன் தலையைச் சொறிந்தார். "குதிரையும் ஆன்லைன் ஏலத்துலதாங்க எடுத்தேன். முழுப் பணமும் கட்டிட்டேன். லாரியில வந்துக்கினே இருக்குன்னு ஆறு மாசமா சொல்றான். வெள்ளைக் குதிரை, நெத்தியில கறுப்புப் பொட்டு, பேரு மின்னல்."

நான்சி செல்போனை லாரன்ஸின் கையில் திணித்தாள்.

"உங்க குதிரை இன்னா நெறங்க?" என்று கேட்டார் அவர்.

லாரன்ஸ் மனைவியைப் பார்த்தான். போன மாதம் குதிரையை ஏலத்தில் எடுத்தவள் அவள்தான். அதற்காக அவள் அறுத்துப் போட்ட புல் காலிக் கொட்டகையில் காய்ந்து கிடந்தது.

"அதே நெறந்தாங்க," என்றான் லாரன்ஸ். "அதே பொட்டு, அதே பேரு. இங்கயும் லாரியிலதான் வந்துக்கினு இருக்கு."