ஞானசுந்தரியின் ஓட்டு

"மெதுவா பேசும்மா. பக்கத்து ரூம்ல அவரு கீறாரு."

போனில் வந்த குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது. ஷீபா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக் கடை மாடியில் இருந்தது அந்தக் கால் சென்டர். பிரான்சில் ஜனாதிபதி தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே குடியுரிமை பெற்று வாழும் தமிழர்களைக் கூப்பிட்டு, யாருக்கு ஓட்டு என்று தமிழிலேயே கேட்டுப் பதிவு செய்வதுதான் ஷீபாவின் வேலை.

இறுதிச் சுற்றில் இரண்டே பேர். அதில் ஒருவர், வெளியிலிருந்து வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்புவேன் என்று மேடைக்கு மேடை பேசிவந்தார். அவர் பேரை எடுத்தாலே மறுமுனையில் இருப்பவர்கள் தடுமாறினார்கள். சிலர் பதில் சொல்லாமல் போனை வைத்தார்கள்.

ஆனால் இப்படி நடுங்கும் குரலை ஷீபா கேட்டதில்லை. ஞானசுந்தரி என்று பேரைச் சொல்வதற்கே அந்தப் பெண் யோசித்தாள். என் நம்பர் எப்படிக் கிடைத்தது, பேசுவது வேறு யாருக்காவது தெரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பேர்கூட வெளியே போகாது என்று ஷீபா உறுதி சொன்னாள்.

"நீ எந்த ஊரும்மா? பேச்சு எங்க பக்கம் மாதிரி கீது."

"உத்திரமேரூர்க்கா."

தனக்குக் காஞ்சிபுரம் பக்கத்தில் ஓரிக்கை என்றாள். பாலாற்றில் இந்த வருஷம் தண்ணீர் வந்ததா என்று விசாரித்தாள். கல்யாணமாகி விமானம் ஏறியதோடு சரி, அப்புறம் ஊரையே பார்க்கவில்லை என்றாள்.

ஷீபாவுக்கு மனசு கேட்கவில்லை. சொல்லக் கூடாததைச் சொன்னாள்.

"பயப்படாதீங்கக்கா. நாங்க கேட்ட வரைக்கும் அந்த ஆளு பின்னாடிதான் இருக்காரு. வர மாட்டாரு."

"வர மாட்டாரா?"

குரல் இன்னும் உள்ளே போய்விட்டது. நிம்மதிதான் போலும் என்று ஷீபா நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போன் கைமாறியது. புதுச்சேரிப் பேச்சில் ஓர் ஆண் குரல், யார் நீ, அவள் உன்னிடம் என்ன சொன்னாள் என்று கேட்டது. கோபமே இல்லாத குரல்தான். ஆனாலும் ஷீபா ஜாக்கிரதையானாள். ஓட்டுக் கணக்கெடுப்பு என்றும், இன்னும் கேள்வியே கேட்கவில்லை என்றும் சொன்னாள்.

"எங்க வீட்டு ரெண்டு ஓட்டும் அந்த இன்னொரு ஆளுக்குன்னு போட்டுக்கோ. அந்தத் தொரத்துற ஆளு வந்தா, எங்கள மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிடுவான். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. இவகிட்ட இனிமே பேசாத."

போனை எங்கோ வீசியது போல் இருந்தது. தொடர்ந்து ஏதோ கீழே விழுந்தது. கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஆனால் லைன் அறுபடவில்லை. விதிப்படி ஷீபா துண்டித்திருக்க வேண்டும். முடியவில்லை. பொத்தான்மேல் விரலை வைத்தபடியே காத்திருந்தாள்.

படியிறங்கும் காலடிகள் தேய்ந்து மறைந்த பிறகு, குரல் திரும்ப வந்தது.

"இருக்கியாம்மா? அவரு சொன்ன ரெண்டுல என்னுத அழிச்சிடு. தொரத்துவேன்றாரே, அவருக்குத்தான் என் ஓட்டு."

தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று ஷீபா மறுபடியும் கேட்டாள்.

"அவருக்குத்தாம்மா. என் பாஸ்போர்ட்ட இந்த மனுசன் பூட்டி வச்சிக்கினு கீறான். அவரு ஜெயிச்சி எங்களத் தொரத்தினாத்தான், நான் உசுரோட எங்கம்மா வூட்டுக்கு வந்து சேர முடியும்."