கழுத்து கோணிய அன்னங்கள்

மேடையில் பல் டாக்டர் துணியைப் பிரித்துக் காட்டியதும் பக்கத்து நாற்காலியில் ஊசியம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

குளத்தில் இரண்டு அன்னங்கள். வலது பக்கத்து அன்னத்துக்குக் கழுத்து கோணல். சந்தேகமே இல்லை, அவள் வீட்டு அன்னங்கள்தான்.

முன்வரிசையில் அவள் கணவருக்குப் பக்கத்தில் அவருடைய தங்கை உட்கார்ந்திருந்தாள். புதுவீட்டுக்குக் குடிபோனபோது அந்தப் பூத்தையலைச் சட்டம் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். மாதக்கணக்கில் குனிந்து தைத்ததில் கண்ணாடியின் பவர் ஏறிவிட்டது என்று கொடுத்த அன்றே சொன்னாள். பிறகு வந்தபோதெல்லாம் சொன்னாள்.

ஊசியம்மா என்பது வீடியோ பார்ப்பவர்கள் வைத்த பெயர்.

பழைய சாமான் கடைகளில் கந்தலோடு கந்தலாகக் கிடக்கும் கைத்தையல் துணிகளை அவள் தேடிப்பிடித்து வாங்குவாள். கறை எடுப்பாள். அறுந்த இழைகளுக்கு அதே நிறத்தில் நூல் சேர்ப்பாள். ஒவ்வொன்றையும் காட்டும்போது அவளுக்குத் தொண்டை அடைக்கும்.

"ஒரு பொண்ணோட உழைப்பத் தூக்கிப் போட எப்படித்தான் மனசு வருதோ!"

கேட்பவர்களுக்கும் அடைக்கும்.

மனசு வருவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. கூடத்துக்குப் புது வண்ணம் அடித்த வாரம், அன்னங்கள் சுவரோடு ஒத்துப்போகவில்லை. துணியை மட்டும் பையில் திணித்து அடுத்த ஊர்க் கடை வாசலில் வைத்துவிட்டு வந்தாள். சட்டம் நல்ல சட்டம். அதில் இப்போது அவள் பரிசு வாங்கும் படம் இருக்கிறது.

நாத்தனாரிடம், பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் தொலைத்துவிட்டார்கள் என்று அழுதாள். நன்றாகவே அழுதாள்.

இன்று நூலக அரங்கில் அவளுக்குப் பாராட்டு விழா. பல் டாக்டர் அவளுடைய பரம ரசிகர். வீடியோவைப் பார்த்தே வேலை கற்றுக்கொண்டவர். கறையை எடுத்துவிட்டாராம், குளத்துக்கு நீலம் சேர்த்துவிட்டாராம், அந்தக் கழுத்தைத்தான் நிமிர்த்த முடியவில்லையாம். இதைத் தூக்கிப் போட்ட கல்நெஞ்சக்காரர் யாரோ என்று அவர் குரல் தழுதழுத்தபோது அரங்கமே கைதட்டியது.

ஊசியம்மாவும் தட்டினாள்.

கீழே அவள் கணவர் தங்கையின் தோளை இடித்து அன்னங்களைச் சுட்டிக் காட்டினார். தொலைந்தது கிடைத்துவிட்டதே என்று மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம்.

தொலைந்தேன் என்று நினைத்துக்கொண்டாள் ஊசியம்மா. இவள் சும்மா இருக்கமாட்டாள். மைக்கைப் பிடுங்கியாவது மானத்தை வாங்கிவிடுவாள்.

ஓரக்கண்ணால் பார்த்தாள். நாத்தனாரின் முகத்தில் கோபத்தைக் காணோம். வெளிறிப்போய், நாற்காலிக்கு அடியில் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் துணியைத் திருப்பிப் பிடித்தார். "பின்னாடி வச்சுத் தைச்சிருந்த உள்துணியப் பிரிச்சா, தைச்சவங்க பேரும் ஊரும் நூல்லயே இருந்துச்சு. விடுவேனா? தேடிப் பிடிச்சுக் கையோட கூட்டிட்டு வந்துட்டேன்!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தச் சந்தடியில் நாத்தனார் வரிசையை விட்டு நழுவி வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

கதவு வெளிப்பக்கமிருந்து திறந்தது.

ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர், கட்டைவிரல் தடிமனுக்கு மீசை, கதவை அடைத்தாற்போல் நின்றார். மேடையில் தன் அன்னங்களைப் பார்த்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எதிரே வந்தவளின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, வெட்கமே இல்லாமல் விசித்து அழ ஆரம்பித்தார்.

நாத்தனார் கையை உருவப் பார்த்தாள். முடியவில்லை. ஸ்டியரிங் பிடித்த கை.