அமுக்காத பட்டன்

"மாத்திரை போட்டதும் செயலியில ஏன் பட்டனை அமுக்க மாட்டேங்கிறீங்க ஐயா? எழுத்து சின்னதா இருக்கா?" பேட்டி எடுக்க வந்த பெண் கேட்டாள்.

பெரியவர் குறும்பாகச் சிரித்தார். "எழுத்தெல்லாம் பளிச்னு தெரியுதும்மா. மாத்திரையும் தவறாம போடுறேன். ஆனா, அமுக்கலைன்னாத்தானே மகனுக்குத் தகவல் போகும்? பதறியடிச்சு போன் பண்ணுவான். அமுக்கிட்டா எவன் பேசுவான்?"

மறுநாள் அலுவலகத்தில் அவளுடைய அறிக்கையைப் படித்த முதலாளிக்கு எரிச்சல்.

"பட்டனைப் பெரிசாக்கணுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னா, 'மகன் தினமும் சும்மாவே போன் பண்ணணும்'னு எழுதியிருக்கியே! இதை எப்படிம்மா செயலியில சேர்க்கிறது?"

"செயலியில சேர்க்க முடியாது சார். நீங்க பண்ணினாத்தான் உண்டு" என்றாள் அவள். "நான் பேட்டி எடுத்தது உங்க அப்பாவை."