அச்சாணியின் பத்து நாள் விடுப்பு

மேடம் இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்தார். ஒட்டியிருந்த வாயைக் கிழியாமல் நிதானமாகப் பிரித்து, உள்ளே இருந்த அவனுடைய போனை மேசை நடுவில் வைத்தார்.

பொத்தானை அழுத்திவிட்டு, அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டு வருஷமாக அவன் அந்தக் கம்பெனியில் புராடக்ட் மேனேஜர். மருத்துவமனைகளுக்கு முன்பதிவு செய்யும் செயலி ஒன்று அவன் பொறுப்பில் இருந்தது. அதில் எதைச் சேர்ப்பது, எதை முதலில் சேர்ப்பது, யார் அழுது புரண்டாலும் எதைச் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்வதுதான் வேலை.

அவன் கீழ் நாலு பேர். அவர்கள் அவனுக்கு வைத்த பெயர் அச்சாணி. தான் கழன்றால் வண்டி குடைசாய்ந்துவிடும் என்பதால் வைத்தார்கள் என்று அவன் நம்பினான்.

இப்போது ஐந்து குழுக்களுக்குச் சேர்த்து ஒரு தலைவர் வேண்டியிருந்தது. அந்தப் பதவிக்கு ஆசைப்படுகிறவர் முதலில் பத்து நாள் விடுப்பில் போக வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். போனை உறையில் போட்டு மேடத்திடம் கொடுத்துவிட வேண்டும். வேலை இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

மேடம் சொன்னது அவ்வளவுதான்.

மீதியைக் காபி இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர்கள் சொன்னார்கள். குழுவிலிருந்து அழைப்பு வந்திருந்தால் தோல்வியாம். போன வருஷம் ஒருத்தருக்கு இருபத்தொன்பது வந்திருந்ததாம். மனிதர் இன்னும் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

அவன் பத்து நாளும் வீட்டில் நல்ல பிள்ளையாக இருந்தான். கணினியைத் தொடவில்லை. முதல் நாள் மட்டும் வீட்டு வேலைகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினான். மனைவி அதை எடுத்து அலமாரித் தட்டில் விரித்துவிட்டாள். அப்பா எப்போது ஆபீஸ் போவார் என்று மகள் மூன்று தடவை கேட்டாள்.

மற்றபடி, பால் வாங்கி வரும் வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் இரண்டு தடவை என்று முகம் சுளிக்காமல் போய்வந்தான். கையில் போன் இல்லாமல் மனிதரைத் தெருவில் விட மனமில்லாமல் மனைவி தன்னுடையதைக் கொடுத்தனுப்பினாள்.

ஒன்பதாம் நாள் செயலியின் புதிய பதிப்பு வெளியாக வேண்டியிருந்தது. சொன்ன நேரத்துக்கு வெளியானது. ஒரு மருத்துவமனைகூடக் குறை சொல்லவில்லை.

போன் விழித்தது.

பத்து நாள் அழைப்புகளும் செய்திகளும் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அக்கா நாலு தடவை கூப்பிட்டிருந்தாள். பல் மருத்துவர் தேதியை நினைவூட்டியிருந்தார். முடிவெட்டுகிறவர் கடையை எதிர்ச் சாரிக்கு மாற்றிவிட்டாராம்.

மேடம் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். டிசைனர் இல்லை. இரண்டு இன்ஜினியர்களும் இல்லை. தும்மினால்கூட அவனைக் கேட்டுவிட்டுத் தும்முகிற டெஸ்டர், அவரும் இல்லை.

அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. அது முகத்தில் தெரிந்துவிடாமல் இருக்க ஜன்னலோரத் தொட்டிச் செடியைப் பார்த்தான். ஐந்து குழுக்களின் பெயரையும் உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டான்.

மேடம் கைகுலுக்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவனுடைய குழுவின் மேசைத் தொலைபேசிகளுக்கு அந்தப் பத்து நாளில் வெளியிலிருந்து வந்த அழைப்புகள் அதில் இருந்தன. மொத்தம் நாற்பத்தொன்று. எல்லாமே ஒரே எண்ணிலிருந்து வந்தவை.

யாருடைய எண் என்று கேட்டார்.

தெரியாது என்றான். அது முழுப் பொய்யும் இல்லை. அந்த எண்ணை அவன் மனப்பாடம் செய்ததே கிடையாது.

மேடம் கோபப்படவில்லை. பல வருஷம் முன்னால் தானும் இதேபோல் போனைக் கொடுத்துவிட்டு விடுப்பில் போனதாகச் சொன்னார்.

“எனக்கு அறுபத்து மூணு கால் வந்திருந்துச்சு. நான் பண்ணினது ஒண்ணுகூட இல்ல. அதுக்குத்தான் இந்த நாற்காலியக் கொடுத்தாங்க.”

வந்த அழைப்புகளை அந்த அறையில் யாரும் எப்போதும் எண்ணியதில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. குழுவில் ஒருத்தரும் அவனைக் கூப்பிடவில்லை என்பது உண்மைதான். கூப்பிட அவன் விட்டால்தானே.

மேடம் தாளைப் பார்த்து அந்த எண்ணைத் தன் மேசைத் தொலைபேசியில் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். வேண்டாம் என்று சொல்ல அவன் வாயெடுத்தான்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். ஆபீஸ் எண்ணைப் பார்த்ததும் கூப்பிடுவது அவன்தான் என்று முடிவுகட்டிவிட்ட குரல், ஹலோகூடச் சொல்லவில்லை.

“இன்னைக்கும் பால் வாங்கிட்டு வந்துடாதீங்க. ஃப்ரிட்ஜ்ல வைக்க இடமில்ல.”

மேடம் மெதுவாக இணைப்பைத் துண்டித்தார். பிறகு, கிழியாமல் பிரித்த உறையை எடுத்து, அதில் அவன் பெயருக்குக் கீழே இருந்த வருஷத்தை அடித்துவிட்டு, அடுத்த வருஷத்தை எழுதி, இழுப்பறையில் வைத்து மூடினார்.