முடிஞ்ச மாதிரிதான்

“மாடிப்படி டிராயிங் என்னாச்சு?”

“முடிஞ்ச மாதிரிதான் மேடம்” என்று காதோரம் சொறிந்தபடியே எழுந்து நின்றான் அவன்.

“அது கிடக்கட்டும். உள்ள வாங்க. என் கம்ப்யூட்டர்ல ஒரு கேமுக்கு மாட் போட்டுத் தரணும். இதெல்லாம் உங்களுக்குத்தான் அத்துப்படின்னு எல்லாரும் கை காட்டறாங்க.”

அவன் மேடத்தின் பின்னாலேயே அறைக்குள் போனான். வீடு கட்டித் தரும் அந்த நிறுவனத்தில் வரைபடம் போடுவது அவன் வேலை. அதில் குறைந்தது நாலு இடத்தில் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்புவது மேடத்தின் வேலை. அவருடைய மேஜையில், கண்ணாடிக் குண்டுக்கு அடியில், அவனது லீவு விண்ணப்பம் இரண்டு வாரமாக அசையாமல் கிடந்தது. பத்து நாள் கடலோரத்துக்குப் போக டிக்கெட் எல்லாம் எடுத்தாயிற்று. “இன்னிக்குக் கையெழுத்து வாங்காம வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க” என்று மனைவி காலையிலேயே கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

மேடம் மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினார். காடு திருத்தி, கிணறு வெட்டி, வீடு கட்டி, ஆட்களைக் குடிவைக்கும் கேம். அடேயப்பா, மேடமும் இதை ஆடுகிறாரா! மூன்று வருஷமாக அவன் கட்டிக்கொண்டு அழுவதும் இதைத்தானே!

“என்ன மாட் வேணும் மேடம்?”

“கேமுக்குப் புதுசு புதுசா ஆளுங்களை ரசிகர்களே செஞ்சு சும்மா குடுக்கறாங்களே, அதுல ‘கிராமத் தலைவி’ன்னு ஒண்ணு வந்திருக்காம். அதைப் போடுங்க.”

அதைச் செய்த புண்ணியவானே அவன்தான்! போன தடவை லீவு கிடைக்காத கடுப்பில் உட்கார்ந்து செய்தது. அந்தத் தலைவி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள். பென்சிலால் மேஜையில் மூன்று தட்டு தட்டுவாள். “இது சரியா வருமா?” என்று கேட்டு, கட்டிய வீட்டை இடித்துவிட்டு மறுபடி கட்டச் சொல்வாள். அந்தத் தட்டும் சத்தத்துக்காக வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நாற்பது தடவை தட்டிப் பதிவு செய்திருந்தான். பதினோராயிரம் பேர் அதை இறக்கிக்கொண்டு தலைவியைத் திட்டித் தீர்க்கிறார்கள்.

“அது வேண்டாமே மேடம். அதுல வைரஸ் இருக்குன்னு பேசிக்கறாங்க.”

“பதினோராயிரம் பேருக்கு வராத வைரஸ் எனக்கு மட்டும் வந்துடுமாக்கும்? போடுங்க.” சிவப்புப் பென்சில் மேஜையில் டொக், டொக் என்றது.

இனித் தப்ப வழியில்லை. மாட்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தான். அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் பயமெல்லாம் மறந்து அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“‘தச்சன்’ மாட்! இது உங்ககிட்ட இருக்கா மேடம்? நான் இதுக்கு அடிமை!”

“அப்படி என்ன இருக்கு அதுல?”

“ஐயோ, செஞ்சவர் மகா கில்லாடி மேடம். அந்தத் தச்சன் எதையும் அரைகுறையா விடறதும், ஒரு தூறல் விழுந்தா உளியைத் தூக்கிப் போட்டுட்டு ஒதுங்கறதும்... அப்படியே எங்க மச்சான்! என் வீட்டுக்காரி அதைப் பார்த்துட்டு வயிறு வலிக்கச் சிரிச்சா.”

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

அவன் தலைவியையும் அதே ஃபோல்டரில் போட்டான். கேம் திறக்காமல் மக்கர் பண்ணியது.

“ரெண்டும் முட்டிக்குது மேடம். தலைவி முதல்ல வரணும், தச்சன் அப்புறம் வரணும்.” மளமளவென்று வரிசையை மாற்றினான்.

“குறிப்பைப் படிக்காமலே சொல்றீங்களே!”

“எல்லாம் ஒரு பழக்கம்தான் மேடம்” என்று சமாளித்து, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இந்தத் தடவை கேம் திறந்தது. பாதிக் கூரை போட்ட வீட்டிலிருந்து தச்சன் ஏணி வழியாக இறங்கி வந்து, காதோரம் சொறிந்தபடி, “முடிஞ்ச மாதிரிதான்!” என்றான். தலைவி எதிரே வந்து நின்றாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். டொக், டொக், டொக். “இது சரியா வருமா?” தச்சன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மேடம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அதற்கு மேலாக அவனைப் பார்த்தார்.

“இந்தத் தலைவி அச்சு அசலா யாரு, தெரியுதா?”

போச்சு! லீவும் போச்சு, வேலையும் போச்சு. “தெ... தெரியலையே மேடம்.”

“எங்க மாமியார்!”

போன உயிர் திரும்பி வந்தது. மேடம் அதே சிரிப்போடு கண்ணாடிக் குண்டை நகர்த்தி, லீவு விண்ணப்பத்தை உருவி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று அதை வாங்கிக்கொண்டு ஒரே எட்டில் கதவருகே போனான் அவன்.

“ஒரு நிமிஷம்! நான் பென்சிலை ரெண்டு தடவைதான் தட்டுவேன். மூணு இல்ல. அதை மட்டும் திருத்திடுங்க.”

கதவுப் பிடியிலேயே கை நின்றுவிட்டது. “மே... மேடம்...”

“அட, பயப்படாதீங்க! உங்களுக்குக் கையெழுத்துப் போடாம ரெண்டு வாரமா இழுத்தடிச்சேனே, அது என் கவலையால. தச்சனோட அடுத்த பதிப்பு எங்கேன்னு ஜனங்க என் உயிரை எடுக்கறாங்க. பத்து நாள் நீங்க இல்லாம நான் யாரைப் பார்த்துச் செய்யறது?”