ஜெர்லின் இன்னும் வரவில்லை

மணி ஒன்பதானதும் தெருவின் நாற்பது வீட்டு போன்களும் ஒரே குரலில் கத்தின: "ஜெர்லின் இன்னும் பள்ளிக்கு வரவில்லை." பிள்ளை பெஞ்சில் உட்காரும்வரை எந்த போனிலும் வேறு வேலை ஓடாது. ஒரு பிள்ளையும் படிப்பை விட்டுவிடக் கூடாதென்று தெருவே கூடி ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. அன்று முதலில் கைதூக்கியவள் ஜெர்லினின் அம்மா பிலோமினாதான்.

இன்று அவள் வாசலில்தான் கூட்டம்.

"அஞ்சு நாளா போன்ல ஒரு சவாரி எடுக்க முடியலக்கா," என்றான் ஆட்டோ ஓட்டும் தேவசகாயம், அவள் முகத்தைப் பார்க்காமல். "பட்டியல்லேருந்து புள்ள பேர எடுக்க உன் கைரேகை மட்டுந்தான் செல்லுமாம்."

ஜெர்லினை அடக்கம் செய்து ஆறு நாளாகிறது.

பிலோமினா கட்டைவிரலை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"இன்னும் வரலன்னுதானே அது சொல்லுது," என்றாள். "இனிமே வர மாட்டாள்னு என் கையால நான் எப்பிடிப்பா சொல்றது?"