ரெட்டைக்கால் ஸ்டாண்டு

கொளஞ்சி மின்சார சைக்கிள் வாங்கினான். பார்க்க ஜோராகத்தான் இருந்தது, உட்கார்ந்தால் வலித்தது. அதனால் பழைய சைக்கிளின் சீட்டைக் கழற்றிப் புதுசில் மாட்டினான். மறுநாள் கேரியரும் போனது. அதற்கும் மறுநாள் பெல்.

"பெருசு, இன்னும் என்னென்ன வெச்சிருக்க?" என்று புதுசு கேட்டது.

போனதெல்லாம் போகட்டும், ரெட்டைக்கால் ஸ்டாண்டு இருக்கிறது என்று பழசு மனசைத் தேற்றிக்கொண்டது. நிற்கிறவரைக்கும்தான் சைக்கிள் என்பார்கள். தரையில் கிடந்தால் இரும்பு என்று எடைக்குப் போட்டுவிடுவார்கள்.

புதுசுக்கு இருந்தது ஒற்றைக்கால் ஸ்டாண்டு. பேட்டரி கனத்தில் ரெண்டு தரம் சாய்ந்து விழுந்தது. கொளஞ்சி ஸ்பானரோடு வந்து பழசின் ஸ்டாண்டையும் கழற்றிப் புதுசுக்குப் பூட்டினான்.

"ஆகா, என்னா சுகம்!" புதுசு நிமிர்ந்து நின்றது. "நீ படு பெருசு. பழைய இரும்புக்காரன் தெருமுனைக்கு வந்துட்டான், சத்தம் கேக்குதா?"

கேட்டது. இரும்பு வண்டி கடகடவென்று நெருங்கி வந்தது.

கொளஞ்சி பழசைச் சுவரில் சாய்க்கப் போனான்.

"ஏங்க, இப்பத்தான் வெள்ளையடிச்சிருக்கு! சுவத்துல சாய்ச்சீங்க, அப்புறம் பாருங்க!" என்று அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து கத்தினாள்.

கொளஞ்சி இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பழசைப் புதுசின் மேலேயே சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போனான். இரும்பு வண்டி வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

"யோவ் பெருசு! பெயிண்ட் உரியுது, தள்ளி நில்லுய்யா!"

பழசு இன்னும் கொஞ்சம் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டது.

"எப்படிடா தம்பி நிக்கிறது? என் காலு ரெண்டும் உன்கிட்டல்ல இருக்கு!"